சுகமானவர்களை ஆசாரியரிடம் அனுப்பியவர்

மதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே, எதிரணி அண்ணன்மார்களே, அசனப் பந்தியை முடித்துக் கை ஈரம் காயுமுன்னே வந்து உட்கார்ந்திருக்கும் சபையாரே, எல்லாருக்கும் என் ஸ்தோத்திரம்.

"இன்றைய விசுவாசிக்குப் பெரிதும் தேவை கீழ்ப்படிதலா, சோதித்தறிதலா?" சோதித்தறிதலே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய அண்ணன், "நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதிருங்கள்" என்ற வசனத்தை மூன்று தடவை சொன்னார். அண்ணே, அது 105ஆம் சங்கீதம். ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் பரதேசிகளாய்த் திரிந்த நாளில், அவர்களுக்குத் தீங்கு செய்யாதபடி கர்த்தர் ராஜாக்களைக் கடிந்துகொண்ட செய்தி. கை ஓங்காதே என்கிறது. கேள்வி கேட்காதே என்று எங்கே இருக்கிறது? தாவீது அபிஷேகம் பெற்றவர்தானே? அவர் முகத்துக்கு நேரே "நீயே அந்த மனுஷன்" என்று நாத்தான் சொன்னாரே. கர்த்தர் அனுப்பித்தானே போனார்!

என் அத்தைக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். அத்தைக்குச் சர்க்கரை வியாதி. வீட்டு ஜெபத்துக்கு வந்த ஒரு வெளியூர் ஊழியர் தலையில் கை வைத்து, "மகளே, இன்றோடு உனக்குப் பூரண சுகம். இனி மாத்திரையைத் தொட்டால் அவிசுவாசம்" என்றார். அன்றைக்கே மாத்திரை டப்பா குப்பைக்குப் போயிற்று. சில வாரத்தில் செருப்புக் கடித்த ஒரு சின்னப் புண் கால்விரலில் ஆறாமல் நின்றது. மாமா கெஞ்சினார், அத்தை கேட்கவில்லை. தேவ வார்த்தை வந்திருக்கிறதே!

கடைசியில் எங்கள் சபை உபதேசியார் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். அந்த ஊழியரைப் பற்றி ஒரு வார்த்தை குறை பேசவில்லை. லூக்கா 17ஐ எடுத்தார். பத்துக் குஷ்டரோகிகளைப் பார்த்து இயேசு, "நீங்கள் போய் ஆசாரியர்களுக்கு உங்களைக் காண்பியுங்கள்" என்கிற இடம். "யம்மா, குஷ்டம் போச்சா இல்லையான்னு பாத்துச் சொல்லுத வேலை அந்தக் காலத்துல ஆசாரியனுக்குத்தான். சுகம் குடுத்தவரே போய்க் காட்டுங்கன்னு சொல்லுதாரு. ஒனக்குச் சுகம் கெடச்சது நெசம்னா, ரத்தத்தைச் சோதிச்சாலும் நெசமாத்தான் இருக்கும். வா, போவோம்."

போனார்கள். சர்க்கரை ஏறிக் கிடந்தது. ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று, காலைக் காப்பாற்றிவிட்டார்கள்.

நடுவர் ஐயா, இரண்டு பேரும் ஊழியர்கள். இரண்டு பேர் கையிலும் ஒரே வேதம். கீழ்ப்படிதல் போதும் என்றால், என் அத்தை யாருக்குக் கீழ்ப்படிவது? அந்தக் கேள்விக்குப் பதில் தேட ஆரம்பித்த நிமிஷமே சோதித்தறிதல் தொடங்கிவிடுகிறதே!

"சோதித்துக்கொண்டே இருந்தால் பக்தி வறண்டுபோகும்" என்றார் இன்னொரு அண்ணன். பக்கத்துத் திருவிதாங்கூரில் 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வித்வான்குட்டியைப் பாருங்கள். ஜஸ்டஸ் ஜோசப் என்று ஞானஸ்நானம் பெற்ற தமிழ்ப் பிராமணர்; கல்விமான், சபைக் குரு. அவர் எழுதிய பாட்டுகளை மலையாளச் சபைகள் இன்றும் உருகிப் பாடுகின்றன. அவரே 1881இல் கர்த்தர் வருவார் என்று நாள் குறித்தார். நம்பிக் காத்திருந்தார்கள் ஜனங்கள். 1881 கடந்து போயிற்று. அவர் கள்ளர் என்று நான் சொல்லமாட்டேன். பாட்டு நல்லது, தேதி பொய். "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று பவுல் எழுதியது இதற்குத்தான். சோதிக்கத் தெரிந்தவன் தேதியை விட்டுவிட்டுப் பாட்டை வைத்துக்கொள்கிறான். கண்ணை மூடிக் கீழ்ப்படிகிறவன், ஒன்று இரண்டையும் விழுங்க வேண்டும், அல்லது ஏமாந்த அன்றைக்கு இரண்டையும் தூக்கி எறிய வேண்டும். அப்படி எறிந்துவிட்டுக் கோவில் வாசலையே மிதிக்காமல் போனவர்கள் நம் குடும்பங்களில் இல்லையா?

ஆதிச் சபைக்கும் இந்தக் கவலை இருந்தது. 'பன்னிரு அப்போஸ்தலரின் போதனை' என்ற பழைய சிறு நூல், ஊருக்கு வரும் ஊழியரைக் கர்த்தரைப்போல் ஏற்றுக்கொள் என்கிறது. உடனே அளவும் சொல்கிறது: ஒரு நாள் தங்கலாம், தேவையானால் மறுநாளும், மூன்று நாள் தங்கினால் அவன் கள்ளத்தீர்க்கதரிசி. புறப்படும்போது அப்பம் கொடு. பணம் கேட்டால் அவனும் அப்படியே. எவ்வளவு எளிய சோதனை, பாருங்கள். வீட்டுக்காரம்மாவே போட்டுப் பார்த்துவிடலாம்.

எதிரணியின் பெரிய ஆயுதம் எபிரெயர் 13:17, "உங்களை நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படியுங்கள்." அந்த வசனத்துக்கு நானும் தலைவணங்குகிறேன். ஆனால் அதே அதிகாரத்தில் 7ஆம் வசனம் முந்தி வருகிறது: "அவர்களுடைய நடக்கையின் முடிவை நன்றாய்ச் சிந்தித்து, அவர்களுடைய விசுவாசத்தைப் பின்பற்றுங்கள்."

சிந்தித்துப் பார்த்தேன், ஐயா. மாத்திரையை நிறுத்தச் சொன்னவர் அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்கு வரவேயில்லை. உபதேசியார், தாம் படுக்கையில் விழுகிற வரைக்கும், மாதம் ஒருமுறை அத்தை மருந்து வாங்கிவிட்டார்களா என்று கேட்க அந்தச் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். கல்லறைத் திருநாளில் அத்தை முதல் மெழுகுவத்தியை அவருக்குத்தான் ஏற்றுகிறார்கள்.

நன்றி, ஸ்தோத்திரம்.