இதய அறுவைக்குப் பின் எதிர்ப்பு சக்தி: மயக்க மருந்தின் பங்கு எவ்வளவு?

அவையோருக்கு வணக்கம்.

இதய ஆபரேஷனுக்கு மூச்சில் செலுத்தும் வாயு மயக்கம் நல்லதா, ரத்தக் குழாயில் ஏற்றும் ஊசி மயக்கம் நல்லதா, எது எதிர்ப்பு சக்தியைக் கெடுக்காது என்று இளம் மருத்துவர்கள் கேட்கிறார்கள். பதிலை மருந்திலிருந்து தொடங்கக் கூடாது. ஆபரேஷனின்போது இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் வெளியிலிருந்து செய்யும் இதய-நுரையீரல் இயந்திரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ரத்தம் அதன் பிளாஸ்டிக் குழாயைத் தொட்டதுமே எதிர்ப்புப் பணிக்கான காம்ப்ளிமென்ட் புரதங்கள் கிளர்ந்தெழுகின்றன, கிருமிகளை விழுங்கும் வெள்ளையணுக்களான நியூட்ரோஃபில்கள் சீறுகின்றன. பெருந்தமனியை அடைத்திருந்த கிளாம்ப் என்ற கவ்வியை எடுத்து இதயத்துக்கு மறுபடி ரத்தம் பாயும்போது அடுத்த அலை. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-6 சில மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகிறது. உடல் சும்மா இருப்பதில்லை. அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூகின்-10ஐச் சுரந்து அடக்கப் பார்க்கிறது. அந்த அடக்குதலில் லிம்போசைட்டுகள் என்ற வெள்ளையணுக்கள் குறைகின்றன, மோனோசைட்டுகள் என்ற இன்னொரு வகை வெள்ளையணுக்களின் மேலிருந்து கிருமியை அடையாளம் காட்டும் ஹெச்.எல்.ஏ-டி.ஆர். புரதமும் சரிகிறது. ஆக, ஐ.சி.யூ.வில் படுத்திருப்பவருக்கு அழற்சியும் உண்டு, எதிர்ப்புக் குறைவும் உண்டு. நிமோனியாவும் மார்பெலும்புத் தொற்றும் நுழைவது இந்த இடைவெளியில்தான்.

இதன் நடுவே மருந்துக்கும் ஒரு பங்கு உண்டு. செவோஃப்ளூரேன் என்ற மயக்க வாயு இதயத் தசையை ரத்தக் குறைவுக்கு முன்கூட்டியே பழக்குகிறது. புரோபோஃபால் என்ற மயக்க ஊசி ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தணிக்கிறது. எட்டோமிடேட் என்ற இன்னொரு மயக்க மருந்தின் ஒரே ஊசி, அழற்சியைக் கட்டுப்படுத்தும் கார்டிசால் ஹார்மோனின் சுரப்பை ஒரு நாள் வரைகூட அமுக்கிவிடும். பரிசோதனைகளில் இவை தெரிகின்றன. ஆனால் நோயாளி பிழைப்பதில்? 2019இல் வெளியான மிரியாட் ஆய்வில், 13 நாடுகளில் பைபாஸ் அறுவை செய்துகொண்ட 5,400 பேரில், ஓராண்டு இறப்பு வாயு மயக்கத்தில் 2.8 சதவீதம், ஊசி மயக்கத்தில் 3.0 சதவீதம். வேறுபாடு இல்லை என்றே பொருள். அழற்சியை நேரடியாக அடக்கும் ஸ்டீராய்டுகூட, 2015இல் 7,507 பேரிடம் சோதித்தபோது இறப்பைக் குறைக்கவில்லை. ரத்தத்தில் ஓர் எண் இறங்கினாலே உயிர் காக்கப்பட்டதாக எண்ணிவிடாதீர்கள்.

கொடுக்கும் விதத்தில்தான் எனக்குக் கவலை. புரோபோஃபால் சோயா எண்ணெய் கலந்த பால் போன்ற திரவம் (எமல்ஷன்). கிருமி அதில் செழித்து வளரும். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 7 மருத்துவமனைகளில் ஆபரேஷனுக்குப் பின் தொற்று பரவியது. தேடிப் பார்த்தால், புரோபோஃபாலைக் கையாண்டவர்கள் கிருமி நுழையாமல் காக்கும் முறையைச் சரியாகப் பின்பற்றவில்லை! ரப்பர் மூடியை 70 சதவீத ஆல்கஹாலால் துடையுங்கள், உலர விடுங்கள், பிறகு குத்துங்கள். சிரிஞ்சில் ஏற்றியது 6 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். பாட்டிலிலிருந்து நேராக ஓடினால் 12 மணி நேரத்தில் பாட்டிலையும் குழாயையும் மாற்றுங்கள். ஒரு நோயாளியின் மிச்சம் இன்னொருவருக்குக் கூடவே கூடாது.

வாயுவைத் தேர்ந்தால் வேறு சிக்கல். இயந்திரம் ஓடும்போது நுரையீரலுக்கு வேலையில்லை. மயக்க வாயுவை வேப்பரைசர் (திரவ மருந்தை ஆவியாக்கும் கருவி) மூலம், ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் ஆக்சிஜனேட்டரின் வாயுக் குழாய் வழியாகத்தான் கொடுக்க முடியும். பாலிமெத்தில்பென்டீன் சவ்வு கொண்ட ஆக்சிஜனேட்டராக இருந்தால் வாயு சரியாகக் கடக்காது, நோயாளி விழித்துக்கொள்ளலாம். எந்தச் சவ்வு என்பதை இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்கும் பெர்ஃபியூஷனிஸ்ட்டிடம் முன்பே கேளுங்கள். இன்னொரு வாயு மயக்க மருந்தான ஐசோஃப்ளூரேன் திரவமாக, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் பாகத்தின் மேல் சிந்தினால் அது விரிசல் விடும். ஆக்சிஜனேட்டருக்கு மேலே வைத்து வேப்பரைசரை நிரப்பாதீர்கள்.

எந்த மயக்கமானாலும் தொற்றைத் தடுக்கும் ஆன்டிபயாட்டிக்கான செஃபசோலின் 2 கிராம், கத்தி வைப்பதற்கு முந்தைய 60 நிமிடங்களுக்குள் போய்ச் சேரட்டும். அறுவை நீண்டால் 4 மணி நேரத்தில் மறுபடி. ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 180 மில்லிகிராமைத் தாண்டினால் நியூட்ரோஃபில் மந்தமாகும். இன்சுலின் சொட்டை ஆரம்பித்து, அளவு நிலைக்கும்வரை மணிக்கொரு தடவை பாருங்கள்.