இன்னொரு மாடலில் உள்ள கிளாஸைச் சுட்டுவது எப்படி? எக்லிப்ஸ் ஈஎம்எஃப் விளக்கம்

[திரை: இரண்டு ஈகோர் கோப்புகள். மருத்துவமனை மாடலில் ‘நோயாளி’, மருந்தக மாடலில் ‘மருந்துச்சீட்டு’.]

ஈஎம்எஃப் என்பது எக்லிப்ஸின் மாடலிங் கருவித்தொகுப்பு. அதில் ஒரு மாடலின் கிளாஸ்களை விவரிக்கும் கோப்புதான் ஈகோர். சீட்டு யாருக்கு எழுதப்பட்டது என்று சொல்ல, மருந்தக மாடலுக்கு ‘நோயாளி’ கிளாஸ் வேண்டும். அதை நகலெடுத்து இங்கே ஒட்டிவிடத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். நாளை அங்கே இரத்த வகை சேர்க்கப்பட்டால், இங்குள்ள நகலுக்கு அது தெரியவே தெரியாது.

[திரை: எடிட்டரில் வலது கிளிக், ‘லோட் ரிசோர்ஸ்’.]

மருத்துவமனை மாடலை இப்படி ஏற்றிக்கொள்ளுங்கள். பிறகு ‘மருந்துச்சீட்டு’க்குள் ஒரு ஈரெஃபரன்ஸ் (இன்னொரு கிளாஸைச் சுட்டும் இணைப்பு) உருவாக்கி, எதைச் சுட்ட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் அதன் ஈடைப் பட்டியலைத் திறந்தால் ‘நோயாளி’ அங்கே இருக்கும். கன்டெய்ன்மென்ட்டை ஃபால்ஸ் என்றே விடுங்கள். சீட்டு நோயாளியைச் சுட்டினால் போதும், உள்ளே வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

[திரை: சேமித்த கோப்பின் ஒரு வரி, பெரிதாக.]

கோப்பில் பதிவாவது வெறும் முகவரிதான். ‘#’ குறிக்கு முன்னால் எந்த மாடல், பின்னால் ‘//நோயாளி’. கோப்பைத் திறந்ததுமே ஈஎம்எஃப் மற்ற மாடலை ஏற்றிவிடாது. அந்த இடத்தில் ஒரு ப்ராக்ஸியை, அதாவது தற்காலிகப் பதிலியை, நிறுத்திவைத்து, தேவைப்படும்போதுதான் தேடிப் போகும். முகவரி தவறாக இருந்தாலும் கோப்பு தடையின்றித் திறப்பது இதனால்தான்.

[திரை: ஒரே கிளாஸுக்கு இரண்டு முகவரிகள், சிவப்பில்.]

அனுபவசாலிகளையும் அலைக்கழிப்பது அடுத்த சிக்கல். ‘#’க்கு முன்னால் கோப்பின் பாதையும் வரலாம், பேக்கேஜின் (கிளாஸ்களின் தொகுப்பு) என்எஸ் யூஆர்ஐயும், அதாவது அதற்கென இட்ட தனி அடையாளமும், வரலாம். ஓரிடத்தில் பாதை, இன்னோரிடத்தில் என்எஸ் யூஆர்ஐ என்று கலந்துவிட்டால், ஈஎம்எஃப் அவற்றை வெவ்வேறு ரிசோர்ஸாக (தனித்தனிக் கோப்புகளாக) எண்ணி, நினைவகத்தில் இரண்டு ‘நோயாளி’ கிளாஸ்களை வைத்துக்கொள்ளும். பெயரும் பண்புகளும் அச்சு அசலாக ஒன்றே. ஆனாலும் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் மற்றது செல்லாது. ‘நோயாளி’ கேட்ட இடத்தில் ‘நோயாளி’யையே கொடுத்தும் வகை பொருந்தவில்லை என்று பிழை வரும். கிளாஸை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் குறை தெரியாது. கோப்பை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து முகவரிகளை ஒப்பிடுங்கள், உடனே பிடிபட்டுவிடும்.

நிரல் உருவாக்கப்போகும் ஈகோர் மாடல்களுக்கு, நான் கோப்பின் பாதையையே பரிந்துரைப்பேன். பதிவான பேக்கேஜ்களிலிருந்து தேர்ந்தெடுக்கும்போது ‘டெவலப்மென்ட் டைம் வெர்ஷன்’ என்பதைக் குறியிட்டால் அதுவே கிடைக்கும்.

[திரை: ஜென்மாடல் விஸார்டின் கடைசிப் பக்கம்.]

மருந்தக மாடலுக்கு ஜென்மாடல் (மாடலிலிருந்து ஜாவா நிரலை உருவாக்குவதற்கான அமைப்புகள் உள்ள கோப்பு) உருவாக்கும்போது, மருத்துவமனையின் ஜென்மாடலைச் சுட்டப்படும் மாடல்களின் பட்டியலில் டிக் செய்யுங்கள். அப்போது ‘நோயாளி’க்கு ஏற்கெனவே இருக்கும் ஜாவா நிரலையே மருந்தகமும் பயன்படுத்தும்.