கொத்தனார் கேட்ட கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடியில் பிள்ளைகளுக்கு வெப்சைட் டிசைன் சொல்லித் தருகிறவன் நான். "எங்க பொண்ணு தேறிட்டாளா சார்?" என்று பெற்றோர் கேட்பார்கள். தான் செய்த வெப்சைட்டைப் போனில் திறந்து இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் திணறினாலும் அவளால் வாய் திறக்காமல் இருக்க முடிகிறதா என்றுதான் நான் பார்ப்பேன். அதைப் பற்றியே இன்றைக்குப் பேசுகிறேன்.

மாணவி ஒருத்தி, தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் வார்க்கிற பட்டறைக்கு வெப்சைட் செய்தாள். கல் செய்வதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிமேல் அச்சை வைத்து, சாயம் கலந்த சிமென்ட்டை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, காய்ந்த கலவையைத் தூவி, அப்புறம் ஈரக் கலவையைப் போட்டு அழுத்துவார்கள். பூ கண்ணாடிப் பக்கம் இருக்கும்; பிரித்தால்தான் முகம் தெரியும். அதில் மயங்கி, முதல் பக்கம் முழுக்க வீடியோவாகவே போட்டுவிட்டாள். அழகாகத்தான் இருந்தது.

ஒரு கொத்தனாரிடம் போனைக் கொடுத்து, "அண்ணே, முகப்புக்குக் கல் போடணும்னு வைங்க, இதுல பாருங்க" என்றாள். வீடியோ சுற்றிக்கொண்டே இருந்தது. மேலே தள்ளினார், கீழே தள்ளினார். ஒரு படத்தை அழுத்திப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. இவளுக்குப் பொறுக்கவில்லை. "அந்த மூணு கோட்டைத் தொடுங்கண்ணே" என்று, மற்றப் பக்கங்களின் பட்டியலைத் திறக்கிற குறியைக் காட்டிச் சொல்லிவிட்டாள்.

அதோடு அந்தச் சோதனை வீண். ஏன்? வீட்டில் தனியாகப் பார்க்கிறவருக்குப் பக்கத்தில் நின்று மூணு கோட்டைக் காட்ட யார் இருக்கிறார்கள்? இதை நான் வகுப்புக்கு வகுப்பு சொல்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்: சொல்லிக் கொடுக்காதீர்கள். அவர் திணறுவதைப் பார்க்க உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். இருக்கட்டும். அவர் திணறுகிற இடம்தான் நீங்கள் திருத்த வேண்டிய இடம்.

அடுத்த தடவை கம்ப்யூட்டர் பக்கமே போகாமல், தாளில் பக்கங்களை வரைந்து எடுத்துக்கொண்டு வேறொரு கொத்தனாரிடம் போனாள். இந்தத் தடவை பேசவில்லை. அவர் தாள்களைப் புரட்டிவிட்டு, "நூறு சதுரடிக்கு எத்தனை கல்லுன்னு எங்கம்மா போட்டிருக்கு?" என்றார். எங்கேயும் போடவில்லை! 8 அங்குலக் கல் என்றால் 225, 10 அங்குலம் என்றால் 144, சேதாரம் தனி. கொத்தனாருக்கு இது மனக்கணக்கு. வீடு கட்டுகிறவருக்கு அப்படி இல்லை, அவரிடம் காட்டிப் பேசத்தான் இவருக்கு அந்தப் பக்கம் வேண்டும். இப்போது தரையின் நீள அகலத்தைக் கொடுத்தால் கல் கணக்கு வருகிற இரண்டு கட்டங்கள் முதலில் நிற்கின்றன. வீடியோ கீழே போய்விட்டது. அப்புறம் வெளியூரில் வீடு கட்டுகிற ஓர் அம்மா பார்த்தார்; அவருக்கிருந்த ஒரே கவலை, லாரியில் வரும்போது கல் உடைந்தால் யார் பொறுப்பு என்பது. அதற்கும் ஓர் இடம் வந்தது.

இப்படிச் சோதிக்க ஊரையே கூட்ட வேண்டியதில்லை. வெப்சைட்டைப் பயன்படுத்துவது எளிதா என்று ஆராய்கிற ஜேக்கப் நீல்சன் என்ற வல்லுநர் 2000-ஆம் ஆண்டிலேயே எழுதினார்: பதினைந்து பேரை ஒரே தடவையில் உட்கார வைப்பதைவிட, ஐந்து பேரிடம் காட்டித் திருத்தி, மறுபடி ஐந்து பேர், மறுபடி ஐந்து பேர் என்று போவது நல்லது என்று. முதல் ஐந்து பேரிலேயே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும். திருத்தியதிலும் புதுக் குறை முளைக்கும், அதனால்தான் மறுபடி.

முன்பெல்லாம் அந்த மாணவி "சார், நல்லா இருக்கா?" என்று வந்து நிற்பாள். இப்போது நோட்டோடு வருகிறாள்: "சார், மூணு பேர் இந்த இடத்துல நின்னுட்டாங்க." அவளுக்கு இனி என் அபிப்பிராயம் அவ்வளவாகத் தேவைப்படாது. எனக்கு அதில் ரொம்பச் சந்தோஷம்.

தமிழ் எழுத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், நேரம் முடிகிறது. வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வரிகளுக்கு நடுவே இங்கிலீஷுக்கு விடுவதைவிடக் கூடுதலாக இடம் விடுங்கள். இல்லாவிட்டால் மேல்வரியில் கீழே இறங்குகிற எழுத்தின் வாலும் கீழ்வரிப் புள்ளியும் இடிக்கும். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற அளவில் ஒளி வேறுபாடு வேண்டும் என்பது உலகம் முழுக்க ஏற்ற நெறி. வெளிர்சாம்பல் எழுத்து அதில் தேறாது. கொத்தனார் போனைப் பார்ப்பது உச்சி வெயிலில். நீங்களும் வெளியே போய்ப் படித்துப் பாருங்கள். வணக்கம்.