இயற்பியல் எடுக்கலாமா?

நேயர்களுக்கு வணக்கம். பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் சேலம், ஆத்தூர், ஓமலூர், மேட்டூர் என்று எந்தப் பக்கம் போனாலும் வீடுகளில் ஒரே பேச்சுதான்: அடுத்து என்ன படிப்பது? பிள்ளை "பி.எஸ்சி. இயற்பியல்" என்று வாய் திறந்தால் உடனே இரண்டு கேள்விகள் வரும். "உனக்குக் கணக்கு வருமா? படிச்சு முடிச்சா வேலை கிடைக்குமா?" இரண்டுமே நியாயமான கேள்விகள்.

முதலில் கணக்கு. பட்டப்படிப்பின் தொடக்கத்தில் தேவைப்படும் கணிதத்தில் பெரும்பகுதி பிளஸ் ஒன், பிளஸ் டூ புத்தகங்களிலேயே இருக்கிறது. வெக்டர், கலப்பு எண்கள், அணிகள், வகையிடல், தொகையிடல் எல்லாம் நீங்கள் பார்த்தவைதான். பிளஸ் டூ கணிதத்தின் 10-ஆவது பாடம் சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகள். சாய்ஸில் விட்டுவிட்டுப் போனவர்கள் அதை இப்போதே எடுத்து உட்காருங்கள். இயற்பியலின் முதுகெலும்பு அதுதான்.

ஆனால், கல்லூரிக்கு வந்தபின் பலர் தடுக்கி விழும் இடம் அதற்கும் கீழே, பத்தாம் வகுப்பு இயற்கணிதத்தில் இருக்கிறது. பின்னத்தைத் தலைகீழாக்குவது, குறி மாறுவது, வர்க்கம் என்றால் என்ன ஆகும் என்று புரியாமல் போவது. ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும் வண்டி 40-இல் திரும்பினால், டயரும் சாலையும் தாங்க வேண்டிய பக்கவாட்டு விசை இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. ஏன் நான்கு என்று சட்டென்று சொல்ல முடிந்தால் அடித்தளம் இருக்கிறது. முடியவில்லை என்றால் ஒரு மாதம் தினமும் ஒரு மணி நேரம் பழைய புத்தகத்தைப் போட்டுப் பார்த்தால் சரியாகிவிடும்.

விண்ணப்பம் போடும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடையில் 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்று, 47 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 9 வோல்ட் பேட்டரி ஒன்று வாங்குங்கள். ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டரும் வேண்டும். கெப்பாசிட்டரில் பட்டை போட்ட பக்கம் நெகட்டிவ். அதை மாற்றிக் கொடுத்தால் கெப்பாசிட்டர் உப்பி வெடிக்கக்கூடும், கவனம். மீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்துக் கெப்பாசிட்டரின் இரு முனையிலும் இணையுங்கள். பேட்டரியால் சார்ஜ் ஏற்றி, பேட்டரியைக் கழற்றிவிட்டு, ரெசிஸ்டரைக் கெப்பாசிட்டரின் இரு முனைகளுக்கும் குறுக்கே வையுங்கள். 10 விநாடிக்கு ஒருமுறை வோல்டேஜைக் குறியுங்கள், இரண்டு நிமிடம்.

9 வோல்ட் 4.5 ஆக ஏறக்குறைய 33 விநாடி ஆகும். 4.5 என்பது 2.25 ஆகவும் அதே 33 விநாடிதான். கெப்பாசிட்டரின் மதிப்பே 20 சதவீதம் முன்பின் இருக்கலாம் என்பதால் உங்களுக்கு 26 முதல் 39 வரை எதுவும் வரலாம். ஒரே நொடியில் வோல்டேஜ் காலியாகிவிட்டால் ரெசிஸ்டர் மாறிப்போயிருக்கிறது: 47 கிலோ ஓமுக்கு நிறப் பட்டைகள் மஞ்சள், ஊதா, ஆரஞ்சு, மூன்றாவது பட்டை பழுப்பாக இருந்தால் அது வெறும் 470 ஓம். எழுதிய அளவுகளை வரைபடத்தாளில் போட்டால் வளைந்த கோடு வரும். அதே அளவுகளுக்கு லாக் எடுத்துப் போட்டால் நேர்கோடு. "மிச்சம் எவ்வளவோ அதற்கேற்ற வேகத்தில் குறைகிறது" என்ற ஒரு வாக்கியம்தான் அந்த வகைக்கெழுச் சமன்பாடு. அந்த நேர்கோட்டைப் பார்த்து, ஏன் இப்படி என்று தோண்ட ஆசை வருகிறதா? வந்தால் தயங்காமல் இயற்பியல் எடுங்கள். கருந்துளை பற்றிய வீடியோ பிடிக்கும், பேனா பிடித்துக் கணக்குப் போடப் பிடிக்காது என்றால் வேண்டாம். மூன்று வருடம் கஷ்டமாகிவிடும்.

இப்போது வேலை. அதே சமன்பாடு சம்பளம் தரும் இடங்களைப் பாருங்கள். புற்றுநோய்க் கதிர்வீச்சு சிகிச்சைக்குப் பயன்படும் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளின் அரை ஆயுள், அதாவது வீரியம் பாதியாகக் குறையும் காலம், 5.27 ஆண்டுகள். அதன் வீரியம் மாதத்துக்கு ஏறக்குறைய 1.1 சதவீதம் குறையும். அதைக் கணக்கிட்டு நோயாளிக்கு எத்தனை நேரம் என்று திருத்துபவர் மருத்துவ இயற்பியலாளர். மேட்டூரில் இருப்பதைப் போன்ற அனல்மின் நிலையங்களில் பாய்லர் குழாய் வெல்டிங்கைப் படம் எடுத்துச் சோதிக்க இரிடியம்-192 என்ற இன்னொரு கதிரியக்கப் பொருள் பயன்படுகிறது. அதன் அரை ஆயுள் 74 நாள். 74 நாள் கழித்தும் பழைய நேரத்துக்கே எடுத்தால் ஃபிலிம் வெளிறி, விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. மூன்றாண்டுப் பட்டத்தோடு நிறுத்தினால் இயற்பியல் சார்ந்த வேலை குறைவு. பி.எட். சேர்த்தால் ஐந்து வருடம். தகுதித் தேர்வு எழுதிப் பட்டதாரி ஆசிரியர் ஆகலாம். எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் என்றால் ஏழு வருடம், முதுகலை ஆசிரியர் தேர்வு. மருத்துவ இயற்பியலுக்கு ஒரு வழி, எம்.எஸ்சி.க்குப் பிறகு கதிரியல் இயற்பியல் டிப்ளமா, அதன்பின் மருத்துவமனைப் பயிற்சி. ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. படிக்க ஜாம் தேர்வு: 60 கேள்வி, 100 மதிப்பெண், 3 மணி நேரம். மனப்பாடம் செய்த டெரிவேஷன் அங்கே உதவாது, தினமும் கணக்குப் போட்ட கைதான் உதவும். அதனால் வீட்டில் முதலில் பேச வேண்டியது, ஐந்து வருடம் தாங்குமா, ஏழு வருடம் தாங்குமா என்பது.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். ஆய்வகத்துக்குள் போய் இரண்டாமாண்டு மாணவர் ஒருவரிடம் கேளுங்கள்: ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஒவ்வொருவரும் தனியாக ரீடிங் எடுக்கிறீர்களா, அல்லது ஒருவர் எடுத்து நான்கு பேர் காப்பி அடிக்கிறீர்களா?