பேனாவை மூடி வையுங்கள்

அவையோருக்கு வணக்கம்.

தலைவர் என்னை அறிமுகம் செய்தபோது, "பதின்வயதுப் பிள்ளைகளுக்குக் கதை எழுதக் கற்றுக்கொடுப்பவர்" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என் வேலையில் பாதி, எதையும் கற்றுக்கொடுக்காமல் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான். அதைப் பழகவே எனக்குப் பல வருடங்கள் பிடித்தன.

ஏழு வயதுக் குழந்தையிடம் ஒரு கதை சொல் என்று கேட்டுப் பாருங்கள். யானை பறக்கும், நிலா கீழே விழும், ராஜா செத்துப்போய் மறுபடி எழுந்து வருவார். துளித் தயக்கமும் இருக்காது. அதே குழந்தையிடம் பதினான்கு வயதில் கேளுங்கள். "எனக்கு அதெல்லாம் வராது" என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இடையில் கற்பனை எங்கும் ஓடிப்போய்விடவில்லை. யாராவது சிரித்துவிடுவார்களோ என்ற பயம் வந்திருக்கிறது. அது எல்லோருக்கும் தெரிந்த காரணம். இன்னொன்று நாம் கவனிக்காமல் விடுவது. இந்த ஏழு வருடங்களில் பிள்ளை நல்ல கதைகளைப் படித்துவிட்டது. எது நன்றாக இருக்கிறது என்று தெரிகிறது. தான் எழுதியது அப்படி இல்லை என்பதும் தெரிகிறது. ரசனை முன்னால் ஓடுகிறது, கை பின்னால் நடந்து வருகிறது. அதனால் "எனக்கு வராது" என்று ஒரு பிள்ளை சொன்னால் நான் உள்ளூரச் சந்தோஷப்படுவேன். ரசனை இல்லாதவனுக்கு அந்த வருத்தமே வராது.

அந்தப் பிள்ளைகளிடம் நான் மேரி ஷெல்லி என்ற ஆங்கில எழுத்தாளரைப் பற்றிச் சொல்வதுண்டு. 1816ஆம் ஆண்டு, ஜெனீவா ஏரிக்கரை, மழை விடாத கோடைக்காலம். வெளியே போக வழியில்லாமல் வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்களிடம் கவிஞர் பைரன், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்கிறார். மேரிக்கு அப்போது வயது 18. தினமும் காலையில் "கதை கிடைத்ததா?" என்று கேட்பார்களாம். "இல்லை" என்று சொல்ல வெட்கமாக இருந்ததைப் பின்னாளில், 1831 பதிப்பின் முன்னுரையில் அவரே எழுதியிருக்கிறார். அந்தக் கதை 1818இல் 'ஃபிராங்கன்ஸ்டைன்' என்ற நாவலாக வந்தது. பதினெட்டு வயதில் எவ்வளவு பெரிய சாதனை என்று காட்டுவதற்காக இதை நான் சொல்வதில்லை. அப்படிச் சொன்னால் பிள்ளைகள் இன்னும் சுருங்கிப்போவார்கள். அந்த "இல்லை" என்ற காலைப்பொழுதுகளுக்காகச் சொல்கிறேன். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்வேன்: முதல் பதிப்பில் ஆசிரியர் பெயரே கிடையாது. என் வகுப்பிலும் யார் வேண்டுமானாலும் புனைபெயரில் எழுதலாம். பெயரை மறைத்துக்கொண்டதும் சில பிள்ளைகளின் கை எவ்வளவு வேகமாக ஓடுகிறது தெரியுமா!

என் வகுப்பில் முதல் பத்து நிமிடம், தாளை விட்டுப் பேனாவை எடுக்காமல் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த முறையைப் பரவலாக்கியவர் பீட்டர் எல்போ என்ற அமெரிக்கப் பேராசிரியர். 1973இலேயே இதைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். ஒன்றும் தோன்றவில்லை என்றால், "ஒன்றும் தோன்றவில்லை" என்றே எழுதிக்கொண்டு போகலாம். அந்தப் பக்கத்தை நான் பார்க்க மாட்டேன். முதல் வாரம் யாரும் இதை நம்ப மாட்டார்கள்.

அடுத்தது பாராட்டு. "பிரமாதம்", "அருமை" என்றால் தன்னம்பிக்கை வளரும் என்று நினைக்கிறோம். பதினான்கு வயதுப் பிள்ளைக்குக் காது கூர்மை. நாம் முழுதாகப் படிக்காமல் சொல்கிறோம் என்பது அதற்குத் தெரிந்துவிடும். கேள்வி கேட்பதுதான் படித்ததற்கு அத்தாட்சி.

ஒரு பையன் எழுதியிருந்தான்: "அப்பா ஊரை விட்டுப் போனார். அவன் மிகவும் சோகமாக இருந்தான்." 'சோகம் என்று சொல்லாதே, காட்டு' என்று உபதேசம் செய்ய நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டு, "அப்பா போகும்போது அவன் எங்கே நின்றான்?" என்று கேட்டேன்.

"வாசலில்."

"கையில் ஏதாவது இருந்ததா?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்பாவின் குடை. கொடுக்க மறந்துவிட்டான்."

"மழை பெய்ததா?"

"அன்றைக்கு இல்லை. மூன்று நாள் கழித்துத்தான் பெய்தது."

அந்த மூன்று நாளை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்குத் தோன்றியிருக்கவும் தோன்றாது. பேசிக்கொண்டே இருந்தவன், 'மிகவும் சோகமாக இருந்தான்' என்பதைத் தானே அடித்துவிட்டான்.

மதிப்பெண் பற்றி ஒரு வார்த்தை. ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரு குழுவுக்கு வெறும் மதிப்பெண், ஒரு குழுவுக்கு எழுத்தில் கருத்து மட்டும், மூன்றாவது குழுவுக்கு இரண்டும். கருத்து மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள், ஆர்வமும் குறையவில்லை. இரண்டையும் பெற்றவர்களுக்குக் கருத்தினால் கிடைத்திருக்க வேண்டிய பலன் கிடைக்கவில்லை. பிள்ளையின் கண் எண்ணில் நின்றுவிடுகிறது. கதைக்குப் பத்துக்கு ஆறு என்று போடும் ஆசிரியர்கள் இந்த அவையில் இருந்தால் மன்னிக்கவும், நானும் போட்டவன்தான்.

அதைவிட மோசமானதையும் செய்திருக்கிறேன். ஒரு பெண்ணின் கதை எனக்கு மிகவும் பிடித்துப்போய், அவளைக் கேட்காமலே வகுப்பில் உரக்கப் படித்துவிட்டேன். பெருமைப்படுத்துவதாக நினைப்பு. பின்வரிசையில் யாரோ ஒருவன் ஒரு வரியைத் திருப்பிச் சொல்லிச் சிரித்தான். அவள் தலை நிமிரவில்லை. அதன்பிறகு எட்டு மாதம் ஒரு வரிகூட எழுதித் தரவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்கும் உரிமையை நான்தான் தொலைத்திருந்தேன்.

ஒருநாள் என் மேசையில் நான்காக மடித்த தாள் ஒன்று இருந்தது. மேலே, "நீங்கள் மட்டும்" என்று எழுதியிருந்தது. ஒரு தபால்காரரின் கதை. ஒற்றுப்பிழைகள் ஏராளம். விரல் தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடியது. எடுத்து இழுப்பறையில் போட்டு மூடினேன். தாளின் அடியில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி எழுதினேன்: "தபால்காரர் கடைசி வீட்டுக்கு மட்டும் ஏன் போகவில்லை?"

மறுநாள் காலை மேசையில் மூன்று பக்கங்கள் இருந்தன.