மானிடவியல் பட்டம்: வாழ்க்கைக்கு உதவுமா, உதவாதா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மனிதக் கூட்டங்களின் வாழ்க்கை, உறவு, வழக்கங்களை ஆராயும் மானிடவியல் உதவும் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் நன்றாகக் கைத்தட்டல் வாங்கினார். "மலைக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து, உங்க மாமனார் யாரு, கொழுந்தியா யாரு என்று எழுதி வர எதற்கய்யா எம்.ஏ.? கல்யாணத் தரகர் இதை ஓசியிலேயே செய்வாரே" என்றார். தரகர் ஓசியில் செய்வார் என்று இவருக்கு யார் சொன்னது? சரி, போகட்டும். அந்தத் திண்ணைக்கே வருகிறேன்.

பப்புவா நியூகினி மலைப்பகுதியில் ஃபோரே என்றொரு மக்கள். 1950-களில் அவர்களைக் குரு என்ற நோய் வாட்டியது. முதலில் நடை தள்ளாடும். பிறகு உடம்பு நடுங்கும். எழுந்து நிற்க முடியாது. பெரும்பாலும் ஓராண்டுக்குள் மரணம். செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும். ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து வந்ததால், பரம்பரை நோய் என்ற கருத்து மருத்துவ ஆய்வாளர்களிடம் வலுவாக இருந்தது.

1961-ல் ராபர்ட் கிளாஸ், ஷெர்லி லிண்டன்பாம் என்ற இரண்டு மானிடவியலாளர்கள் அங்கே போனார்கள். என்ன செய்தார்கள்? நண்பர் கேலி செய்த அதே வேலைதான். யாருக்கு யார் என்ன உறவு என்று கேட்டார்கள். முக்கோணம் என்றால் ஆண், வட்டம் என்றால் பெண், நடுவே இரட்டைக் கோடு என்றால் கல்யாணம் என்று மானிடவியல் மாணவர்கள் வகுப்பில் போடப் பழகுகிறார்களே, அந்த உறவுக் கணக்கு. கேட்கக் கேட்க விஷயம் வெளியே வந்தது. சொந்தம் என்று சொல்லிக்கொண்ட பலருக்குள் இரத்தத் தொடர்பே இல்லை. பழகிச் சேர்த்துக்கொண்ட சொந்தம். அப்படியானால் பரம்பரைக் கணக்கு எங்கே நிற்கும்? வயதானவர்களோ, நோய் தங்கள் ஊருக்குப் புதிதாக வந்து சேர்ந்ததையே நினைவில் வைத்திருந்தார்கள். அப்புறம், இறந்த உறவினரின் உடலைத் துக்கச் சடங்காக உண்ணும் வழக்கம் அங்கே இருந்தது. அதை அதிகம் உண்டவர்கள் பெண்களும் பிள்ளைகளும்! கணக்கு நேராகிவிட்டதா இல்லையா?

இவர்கள் போவதற்கு முன்பே அந்த வழக்கம் கைவிடப்பட்டு வந்தது. நோய் எப்படிப் பரவியது என்பதுதான் புரியாமல் இருந்தது. குரு தொற்றும் என்று 1966-ல் சிம்பன்சிகளை வைத்து ஆய்வகம் காட்டியது. 1976-ல் அந்த ஆய்வை நடத்திய மருத்துவ ஆய்வாளர் கஜ்டுசெக்குக்கு நோபல் பரிசு. திண்ணையில் உட்கார்ந்தவர்களுக்கு இல்லை. அதற்குத் தனிப் பட்டிமன்றம் வைக்கலாம்.

2014-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா நோய் பரவியபோதும், அதைப் பரப்பிய, பிணத்தைக் குளிப்பாட்டும் சடங்கை என்ன செய்வது என்ற கேள்விக்கு மானிடவியலாளர்களைத்தான் கூப்பிட்டார்கள்.

"வெள்ளைக்காரன் நம் மூக்கை அளந்த படிப்புதானே" என்றும் நண்பர் சொன்னார். உண்மைதான், மறைக்கவில்லை. சென்னை அருங்காட்சியகத்தை நடத்திய எட்கர் தர்ஸ்டன், மக்களை வகைப்படுத்த மூக்கையும் மண்டையையும் அளந்தார். தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி 1909-ல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அந்த அளவுகோல் ஏன் தப்பு என்று இன்று விளக்கிச் சொல்லும் வகுப்பும் மானிடவியல் வகுப்புதான். மூக்களவு தப்பு என்று நண்பருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களாம்?

கடைசியாக ஒன்று கேட்டார்: "ஐ.ஏ.எஸ். தேர்வில் விருப்பப் பாடத்துக்கு 500 மதிப்பெண், அதற்காகத்தானே படிக்கிறார்கள்?" படிக்கட்டுமே! 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, காட்டு நிலம் யாருக்கு என்று இறுதி முடிவெடுக்கும் மாவட்டக் குழுவுக்குக் கலெக்டர்தான் தலைவர். அதன் விதிகள், ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுதி வாங்கினால் சான்றாக ஏற்கின்றன. பழைய பதிவில் உள்ள முன்னோர் வரை போகும் வம்சாவளியையும் ஏற்கின்றன. அந்த நாற்காலியில், மாமனார் யார், கொழுந்தியா யார் என்று கேட்கத் தெரிந்தவர் உட்கார வேண்டுமா, அதைக் கேட்டுச் சிரிப்பவர் உட்கார வேண்டுமா? எதிரணி சொல்லட்டும். நன்றி, வணக்கம்.