இந்த வீட்ட நூறு தடவை பாத்துட்டீங்க, ஆனா இந்தப் படங்கள பாத்திருக்கவே மாட்டீங்க!

வணக்கம் மக்களே! எடுத்ததும் ஒரு கேள்வி. தமிழ் சினிமாவுல அதிகமா நடிச்ச ஆச்சி யாரு? மனோரமான்னு சொல்லுவீங்க, சரிதான், எங்க பள்ளத்தூர்ல வளந்தவங்க, நாடக மேடையில அவங்களுக்கு பள்ளத்தூர் பாப்பான்னே பேரு. ஆனா அவங்களுக்கே போட்டி குடுக்குற ஒரு ஆள் எங்க பக்கம் இருக்கு. இதுவரைக்கும் ஒரு வசனம் பேசினதில்ல, சாப்பாட்டு பிரேக் கேட்டதில்ல, நாட்டாமை வீடுன்னா நாட்டாமை வீடு, வில்லன் வீடுன்னா வில்லன் வீடு, பேய் பங்களான்னா அதுவும். இந்தா, எனக்குப் பின்னாடி நிக்குது பாருங்க. செட்டிநாட்டு வீடு!

நான் விமர்சகர்லாம் இல்ல, அத மொதல்லயே சொல்லிடறேன், கேமரா கோணம் ஒளியமைப்புன்னு பேசத் தெரியாது, நைட்டு சாப்ட்டு படுத்துகிட்டே போன்ல படம் பாக்குற சாதா ஆளு. எங்க அம்மா கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டப் பாத்துக்குறாங்க, பெருக்குறது, வெளக்கு ஏத்துறது, சாவி அவங்க கையில. வீட்டுக்காரங்க சென்னையில ரெண்டு பேரு, வெளிநாட்டுல மூணு பேரு. படைப்பு, அதான் முன்னோர்களுக்கு படைச்சு கும்பிடுறது, இல்ல கல்யாணம்னாதான் வருவாக. மத்த நாள்ல ஷூட்டிங்காரங்க வருவாங்க.

அதனால எனக்கு ஒரு வியாதி. எந்தப் படம் பாத்தாலும் கதைய விட்டுட்டு வீட்டப் பாப்பேன். ஹீரோயின் அழுதுகிட்டு இருக்கும், நான் அட இது முகப்பு தூணு வேற ஊரு, உள்ள வளவு, அதான் வீட்டு நடுவுல இருக்குற முத்தம், வேற வீடுல்லன்னு பாஸ் பண்ணி பாத்துகிட்டு இருப்பேன். நம்ம ஊரு வீட்ட காட்டுற பெரிய படங்கள்ல பாதி எனக்குப் புடிக்காது, ஏன்னா அதுல வீடு சும்மா பணக்காரங்கன்னு காட்ட நிக்கிற ஒரு போர்டு, அவ்ளோதான். மேல இருந்து வளவ ஒரு ஷாட், கீழ நாப்பது பேரு வாழை எலையில சாப்பிடுவாங்க, முடிஞ்சது. அந்த நாப்பது எலைய எடுத்துட்டு ஆத்தங்குடி கல்லு தரைய தொடைக்கிறது யாருன்னு ஒரு படமாச்சும் காட்டிருக்கா? எங்கம்மாதான், வேற யாரு.

இதுல ஒரு சோகம் வேற. ஒரு சீரியல் டீம், பேர் வேணாம், செவுத்துல என்னமோ பேப்பர் ஒட்டணும்னு ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப்ப போட்டு ஒட்டிட்டாங்க. அது சாதா செவுரு இல்லங்க, சுண்ணாம்பு, கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேத்து அரைச்சு பூசுனது, கைய வச்சா பளிங்கு மாதிரி குளுகுளுன்னு வழுக்கும். போகும்போது டேப்ப ஒரு இழு. உள்ளங்கை அகலத்துக்கு பூச்சு உரிஞ்சு கையோட வந்துருச்சு. அம்மா அந்த சில்ல ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு இன்னும் வச்சிருக்காங்க, எதுக்குன்னு கேட்டா சும்மா இருடாங்கறாங்க.

சரி விஷயத்துக்கு வரேன். வீட்ட போர்டா நிக்க வைக்காம வீட்டப் பத்தியே எடுத்த படங்கள், நம்மாளுங்க அதிகம் பாக்காத படங்கள், அதுதான் இன்னைக்கு.

அதுக்கு முன்னாடி வரலாறு, வேகமா ஓடிரலாம், தூங்கிராதீங்க. ஏவி.எம். நிறுவனத்தோட மெய்யப்பன் காரைக்குடிக்காரர். 1940-கள்ல தேவகோட்டை ரஸ்தா பக்கம் கொட்டகை போட்டு ஸ்டுடியோ நடத்துனாரு, 1948-லதான் சென்னைக்கு மாத்துனாரு. நாம இப்ப பஸ்ஸுக்கு நிக்கிற எடத்துக்குப் பக்கத்துல ஒரு காலத்துல ஸ்டார்ட் கேமரான்னு கத்தியிருக்காங்க. அங்க எடுத்த படம்தான் நாம் இருவர், 1947 ஜனவரியில ரிலீஸ். இந்த மாசத்த மனசுல வச்சுக்குங்க, ஏன்னா அந்தப் படத்துல பாரதியார் பாட்டு, ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே, ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோமென்று, பட்டம்மாள் குரல்ல, குமாரி கமலா ஆடுவாங்க. சுதந்திரம் எப்ப? ஆகஸ்ட் 15! ஏழு மாசத்துக்கு முன்னாடியே ரஸ்தாவுல கொட்டகை போட்டு சுதந்திரம் அடைஞ்சுட்டோம்னு ஆடிட்டாங்க மக்களே! எனக்கு இத நெனச்சாலே சிரிப்பும் வரும் புல்லரிப்பும் வரும். இன்னொன்னு, அதுல கெழவனா வர்றது வி.கே.ராமசாமி, அப்ப அவருக்கு இருபது சொச்சம் வயசு. மனுஷன் பொறந்ததுல இருந்தே பெரியவர்தான் போல. படம் எப்படின்னு கேட்டா, பாட்டுக்காக பாக்கலாம், நடுவுல ஓட்டி ஓட்டி பாத்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

இப்ப மெயின் படம். வீடு. 1988, பாலு மகேந்திரா. தேசிய விருது வாங்குன படம், அர்ச்சனாவுக்கு சிறந்த நடிகை விருது குடுத்த படம், ஆனா நம்ம தெருவுல பத்து பேர கேளுங்க, எட்டு பேரு எந்த வீடுன்னு கேப்பாங்க. பாட்டே கிடையாது. இளையராஜாவோட ஹவ் டு நேம் இட் ஆல்பத்துல இருந்து எடுத்து பின்னணிக்கு வச்சிருப்பாங்க.

கதை இவ்ளோதான். சுதான்னு வேலைக்குப் போற பொண்ணு, ஒரு தங்கச்சி, ஒரு தாத்தா. வாடகை வீட்ட காலி பண்ணச் சொல்லிடறாங்க. தாத்தா பேர்ல ரெண்டு மனை இருக்கு, ஒண்ண வித்து இன்னொண்ணுல வீடு கட்டலாம்னு எறங்குறாங்க. அவ்ளோதாங்க! ஃபைட் இல்ல, வில்லன் இல்ல. பிளான் அப்ரூவல், லோன், காண்ட்ராக்டர், சிமெண்ட். ஆனா என் வாழ்க்கையில எந்த பேய்ப்படத்துக்கும் இவ்ளோ பயந்தது கிடையாது. காண்ட்ராக்டர் சிமெண்ட திருடுறான்னு சித்தாளு வேலை பாக்குற மங்கம்மா வந்து சொல்ற எடம் இருக்கே, எனக்கு கை சில்லுன்னு ஆயிருச்சு.

இந்தப் படத்த நான் தனியா பாக்கல, அதான் இங்க முக்கியம். போன தடவை படைப்புக்கு வீட்டுக்கார ஆச்சி வந்திருந்தாக, எம்பது வயசு இருக்கும். சாயங்காலம் கரண்ட் ஒழுங்கா இருந்துச்சு, வளவுல பாய விரிச்சு, லேப்டாப்ப முக்காலி மேல வச்சு, ஒரு தட்டு தேன்குழலோட உக்காந்தோம். ஆச்சி, நான், எங்கம்மா.

ஆரம்பத்துல ஆச்சி கிண்டல்தான். "என்னடா தம்பி இது, ரெண்டு ரூம்பு கட்டவா இம்புட்டு பாடு? எங்க ஐயா இந்த வீட்டுக்கு பர்மாவுல இருந்து தேக்கு எறக்குனாக." நான் சொன்னேன், ஆச்சி, உங்க ஐயா வட்டிக்கடை வச்சிருந்தாக, சுதா மாசச் சம்பளம்னு. ஆச்சி என்னய மொறச்சுட்டு ஒரு தேன்குழல ஒடச்சாக. சிமெண்டு திருட்டு வந்ததும் நிமிந்து உக்காந்துட்டாக. "இந்தப் பயல நம்பாதேன்னு நான் அப்பவே சொன்னேன்ல!" அப்பவேன்னா எப்ப ஆச்சி, அவன் வந்தே பத்து நிமிஷம்தான் ஆச்சு.

அப்புறம் அந்த சீன். ஸ்பாய்லர் அலர்ட்டு போடணுமா, 1988 படத்துக்கு? சரி போட்டாச்சு, வேணாம்னா ஒரு நிமிஷம் தள்ளிக்குங்க. தாத்தா, சொக்கலிங்க பாகவதர், தனியா கெளம்பி பாதி கட்டுன வீட்ட பாக்கப் போவாரு. கூரை முழுசா முடியல, பூச்சு இல்ல, செங்கல் தெரியுது. அவரு ஒவ்வொரு ரூமா போயி செவுத்த தொட்டுத் தொட்டு பாப்பாரு. ஒரு டயலாக் இல்ல. திரும்பி வர்ற வழியில உசுரு போயிரும். 

வளவுல ஒரு சத்தம் இல்ல. ஆச்சி எந்திரிச்சு போனாக. பாத்ரூம் போறாகன்னு நெனச்சேன். இல்ல, அந்த டேப் உரிஞ்ச செவுரு இருக்குல்ல, அங்க போயி அந்த எடத்துல கைய வச்சுகிட்டு நின்னாக. எங்கம்மா என்னய பாக்குறாங்க, நான் எங்கம்மாவ பாக்குறேன். டேப் மேட்டர் அவங்களுக்குத் தெரியாதுன்னு நாங்க நெனச்சுகிட்டு இருந்தோம்!

"இது எப்ப?"ன்னு கேட்டாக. அம்மா உண்மையச் சொல்லிட்டாங்க, உள்ள போயி ஹார்லிக்ஸ் பாட்டில எடுத்தாந்து முன்னாடி வச்சாங்க. ஆச்சி அத வெளிச்சத்துக்கு நேரா புடிச்சு ஒரு ஆட்டு ஆட்டுனாக, உள்ள சில்லு கலகலன்னுச்சு. "படத்தப் போடுறா, மிச்சத்த பாப்போம்" அவ்ளோதான் சொன்னாக. மிச்சம் என்னன்னா, அந்த மனைய ஏற்கனவே குடிதண்ணித் திட்டத்துக்கு எடுத்தாச்சுன்னு அதிகாரிங்க வந்து சொல்லுவாங்க, கேஸு கோர்ட்டுன்னு படம் முடியும். ஆச்சி ஒரு வார்த்தை பேசல.

ஒரு குட்டி தகவல். படத்துல காட்டுற வீடு செட்டு இல்ல, சாலிகிராமத்துல படத்துக்காகவே நெசமா கட்டுனது. பிற்காலத்துல பாலு மகேந்திரா தன்னோட சினிமாப் பட்டறைய அங்கதான் நடத்துனாரு. சுதாவுக்குக் கெடைக்காத வீடு சினிமா கத்துக்குற பிள்ளைங்களுக்குக் கெடச்சிருக்கு.

இந்த சொக்கலிங்க பாகவதர் புடிச்சுப்போச்சுன்னா அடுத்த வருஷம் வந்த சந்தியா ராகமும் பாருங்க, கருப்பு வெள்ளை, கிராமத்துல இருந்து சென்னையில சொந்தக்காரங்க வீட்டுக்கு வர்ற பெரியவரு. நான் பாதியில நிறுத்திட்டேன், நல்லா இல்லாம இல்ல, எங்க ஐயா ஞாபகம் வந்துருச்சு. அதே பாலு மகேந்திரா சன் டிவிக்கு கதை நேரம்னு 52 சிறுகதைய எடுத்தாரு, ஒண்ணு ஒண்ணும் கொஞ்ச நேரம்தான். மெகா சீரியல்ல ஒருத்தர் வாசப்படி தாண்டுற நேரத்துல இங்க ஒரு கதை முடிஞ்சிரும்.

அடுத்து டு லெட். தியேட்டருக்கு 2019-ல வந்துச்சு. எடுத்தவரு ஒளிப்பதிவாளர் செழியன், நம்ம சிவகங்கைக்காரர், அதுக்காக ரெண்டு மார்க் கூடப் போடுவேன், கேக்காதீங்க. 2007-ல ஐ.டி. சம்பளத்தால சென்னையில வாடகை எகிறுன சமயம், புருஷன் பொண்டாட்டி ஒரு பையன், காலி பண்ணச் சொல்லிட்டாங்க, வண்டியில வீடு தேடி அலையுறாங்க. பின்னணி இசையே கிடையாது, ஃபேன் சத்தம், குக்கர் சத்தம், தெருச் சத்தம் மட்டும்தான். நைட்டு ஹெட்செட் போட்டு பாக்கும்போது எங்க வீட்டு குக்கரா படத்துல குக்கரான்னு ரெண்டு தடவை எந்திரிச்சேன். அதுல வீடு கேட்டுப் போற எடத்துல எல்லாம் நீங்க என்ன ஆளுங்க, என்ன சாப்பிடுவீங்கன்னு கேப்பாங்க பாருங்க, என் ஃபிரெண்டு ஒருத்தன் இத பாத்துட்டு இது படமா என் டைரியான்னு மெசேஜ் போட்டான். இங்க எங்க தெருவுல பூட்டிக் கெடக்குற ரூம எண்ணி முடியாது, அவன் வேளச்சேரியில பத்துக்குப் பத்து ரூமுக்கு பத்து மாச அட்வான்ஸ் குடுத்துட்டு படுத்திருக்கான்.

டிவியில ஒண்ணு. மால்குடி டேஸ், ஆர்.கே.நாராயண் கதைகள வச்சு 1986-ல தூர்தர்ஷன்ல வந்த தொடர். கர்நாடகாவுல ஆகும்பேங்கற ஊர்ல எடுத்தது, ஷங்கர் நாக். சின்னப்பிள்ளையில எங்கயோ ஒரு மறு ஒளிபரப்புல பாத்துட்டு இது நம்ம காரைக்குடிதான்னு சண்டை போட்டிருக்கேன், ஏன்னா நடுவுல வானம் தெரியுற வீடு, சுத்தி தூணு. கன்னடத்துல அந்த மாதிரி வீட்ட தொட்டி மனைன்னு சொல்றாங்க. நம்ம வளவுதான், அங்க மழை ஜாஸ்தி, ஓடு எறக்கமா இருக்கும், அவ்ளோதான் வித்தியாசம். அதுல வர்ற சுவாமிங்கற பையன பாக்குறத விட்டுட்டு இப்பவும் தூண எண்ணுறேன், என்னைய திருத்த முடியாது.

கமெண்ட்ல உங்க ஊர்ல ஷூட்டிங் நடந்த வீடு, அதுல நடந்த கூத்து எல்லாம் எழுதுங்க, லிங்க் குடுங்க லிங்க் குடுங்கன்னு மட்டும் கேக்காதீங்க. லைக் பண்ணலன்னாலும் பரவால்ல, வீடு படத்த மட்டும் பாத்துருங்க, வீட்டுல பெரியவங்க இருந்தா கூட உக்கார வச்சு பாருங்க.

ஆ, ஆச்சி மேட்டர் முடிக்கல. மறுநா காலையில கார்ல ஏறும்போது எங்கம்மாகிட்ட சொன்னாக, இனிமே ஷூட்டிங்குக்கு வர்றவுகள மொதல்ல அந்தப் படத்தப் பாத்துட்டு வரச் சொல்லு, அப்புறம் சாவி குடுன்னு. நேத்து ஒரு மேனேஜர் வந்தாரு, சாமியார் மாதிரி பொறுமையா கேட்டாரு, அம்மா நெசமாவே பேர எழுதி கையில குடுத்துட்டாங்க. இந்தா, அவரு வண்டி திரும்பி வந்து நிக்குது, பாத்தாரா இல்லையான்னு கேட்டுட்டு வரேன், இருங்க...